அண்ணன் மைக், நான் செஸ்டர்

2024 செப்டம்பர் 6, வெள்ளிக்கிழமை. காலை மணி 5.58. ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இரண்டு நிமிடத்தில் "வணக்கம் நேயர்களே" என்று நான் சொல்ல வேண்டும். அதே இரண்டு நிமிடத்தில், லாஸ் ஏஞ்சலிஸில், அங்கே வியாழக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, லிங்கின் பார்க் என்ற ராக் இசைக்குழு நேரலையில் ஏதோ சொல்லப்போகிறது. என்ன சொல்லப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அதற்கு முந்தைய ஒரு வாரமாக நான் சரியாகத் தூங்கவில்லை. குழுவின் பக்கத்தில் திடீரென்று ஒரு கடிகாரம் தோன்றியிருந்தது. 100 மணி நேரத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பூஜ்ஜியத்தைத் தொட்டதும் அறிவிப்பு வரும் என்று உலகம் முழுவதும் ரசிகர்கள் காத்திருந்தோம். பூஜ்ஜியமும் வந்தது. அறிவிப்பு வரவில்லை. கடிகாரம் மறுபடியும் ஏற ஆரம்பித்துவிட்டது! 34 வயதில், ஒரு குழந்தைக்குத் தாயாக, மாதா மாதம் வீட்டுக் கடன் கட்டுகிறவளாக, கைப்பேசியில் ஒரு கடிகாரத்தைப் பார்த்து "ஐயோ, விளையாடாதீங்கடா" என்று கத்தினேன். கணவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

ஒரு தமிழ் வானொலி அறிவிப்பாளருக்கும் அமெரிக்க ராக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். என் நிகழ்ச்சியில் இதுவரை அவர்களுடைய ஒரு பாட்டுகூட ஒலித்ததில்லை. ஒலிக்கவும் முடியாது. ஆனால் என் வீட்டில், என் காதில், 2001லிருந்து அவர்கள் இருக்கிறார்கள். அவர்களை என் காதுக்குள் கொண்டுவந்தவர் என் பெரியம்மா மகன். அண்ணன் என்னைவிட 4 வயது மூத்தவர்.

கிள்ளானில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே தாமானில், இரண்டு வரிசை தள்ளி இருந்தன. அண்ணன் ஒரு நாள் பாசார் மாலாமிலிருந்து 5 வெள்ளிக்கு ஒரு நகல் குறுவட்டு வாங்கி வந்தார். 'ஹைபிரிட் தியரி'. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்து, அடுத்த ஆண்டு அமெரிக்காவிலேயே மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்பு அது. அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்கு வயது 11. பெரியம்மா வீட்டுப் பின்கட்டில், துணி காயவைக்கும் இடத்தில் இருந்த பழைய ரேடியோ பெட்டியில் அண்ணன் அதைப் போட்டார். முதலில் கிதார். பிறகு இசைத்தட்டைச் சுரண்டுவதுபோல ஓர் ஓசை. ஒருவர் விறுவிறுவென்று பேச்சாகவே பாடிக்கொண்டு போகிறார். அதற்குமேல் இன்னொருவரின் குரல் மெல்லியதாக ஆரம்பித்து, யாரோ தொண்டையைப் பிடித்துக் கிழிப்பதுபோல உயர்கிறது.

பேச்சாகப் பாடியவர் மைக் ஷினோடா. உயர்ந்த குரல் செஸ்டர் பென்னிங்டனுடையது. தட்டைச் சுரண்டியவர் ஜோ ஹான். ஷினோடாவின் அப்பா வழி ஜப்பானிய வழி, ஹானின் பெற்றோர் கொரியர்கள். அட்டையில் இருந்த முகங்களைப் பார்த்து, "இவங்க எல்லாரும் வெள்ளக்காரங்க இல்லலா" என்று அண்ணன் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து எங்களுக்குள் பாத்திரங்கள் பிரிக்கப்பட்டன. அண்ணன் மைக். நான் செஸ்டர். காரணம் எளிமையானது: அண்ணனுக்குக் கூச்சம், கத்த வராது. எனக்குக் கத்தல் இயல்பாகவே வந்தது. துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் கத்துவேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சன்னலைச் சாத்துவார். "பொம்பளப் பிள்ள தொண்ட கட்டி ஊமையாப் போவப்போற" என்று அம்மா அங்கிருந்தே சத்தம் போடுவார். அந்தத் தொண்டையை வைத்துத்தான் பிற்காலத்தில் சம்பளம் வாங்கப்போகிறேன் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

2003 மார்ச்சில் 'மெட்டியோரா' வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் லிங்கின் பார்க் கோலாலம்பூருக்கே வந்தார்கள். மெர்டேக்கா அரங்கத்தில் நிகழ்ச்சி. கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சம்தான். ஆனால் அண்ணன் ஐந்தாம் படிவம், அடுத்த மாதம் எஸ்பிஎம். பெரியப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று இரவு நாங்கள் பின்கட்டில் ரேடியோ பெட்டியை வைத்து, இந்நேரம் இந்தப் பாட்டு பாடுவார்கள், இந்நேரம் இது என்று நாங்களே வரிசை போட்டுப் பாடி முடித்தோம். கடைசியில் அண்ணன், "அடுத்த தடவ வந்தா நாம ரெண்டு பேரும் போறோம். சம்பாதிக்கிற காசுல" என்றார். சத்தியம் செய்வதுபோலக் கையை நீட்டினார். நானும் அடித்தேன்.

பிறகு எல்லாருக்கும் நடப்பதுதான் எங்களுக்கும் நடந்தது. நான் ஊடகவியல் படித்தேன். வானொலிக்கு வந்தேன். அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஜொகூர் பாருவுக்கு மாறினார். அங்கிருந்து தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லிங்கின் பார்க் அதற்குப் பிறகும் இந்த வட்டாரத்திற்கு வந்தார்கள், 2011இல் சிங்கப்பூர் கார்ப்பந்தய மேடையில்கூடப் பாடினார்கள். ஒவ்வொரு முறையும் எங்களில் ஒருவருக்கு விடுமுறை கிடைக்காது, அல்லது காசு இருக்காது. "அடுத்த தடவ" என்போம்.

2013இல் அண்ணன் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். வயிற்றுக்கோளாறு என்று சொன்னார்கள். நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். "கண்ட கடையில சாப்பிடாதீங்கண்ணே" என்று புத்திமதி சொல்லிவிட்டு வந்தேன். அவர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை.

2017 ஜூலை 20ஆம் தேதி செஸ்டர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது 41. நமக்கு அப்போது 21ஆம் தேதி அதிகாலை. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்குக் கிளம்ப 4 மணிக்கு எழுந்து கைப்பேசியைத் திறந்தவுடன் பார்த்தேன். காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அழுதேன். நிலையத்தின் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு மறுபடியும் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு போய் மைக் முன்னால் உட்கார்ந்தேன்.

ஏழரை மணிக்கு மேல் உலகச் செய்தித் துணுக்குகள் சொல்லும் பகுதி வரும். ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்தச் செய்தியும் பட்டியலில் இருந்தது. வாசித்தேன். வாசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளருக்கு ஒரு வியாதி உண்டு. எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு தெம்பூட்டும் வாசகம் வைக்காமல் முடிக்க வராது. அன்று நான் வைத்த வாசகம் இது: "பேரு, புகழு, பணம் எல்லாம் இருந்தும் வாழத் தெரியல பாருங்க! நம்ம அம்மாமாரு எத்தனை பிள்ளைகள வச்சிக்கிட்டு, மரம் வெட்டி, ஒரு வேளை சாப்பிட்டுக் குடும்பத்த நடத்துனாங்க. இதெல்லாம் கோழைங்க செய்யிற காரியம். சரி, நம்ம வெள்ளிக்கிழமைப் பரிசுப் போட்டிக்குப் போவோமா?"

அதைச் சொன்னபோது என் கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் சொன்னேன். ஏன் என்று பல முறை என்னையே கேட்டிருக்கிறேன். அழுதது குரலில் தெரிந்துவிடக்கூடாது என்று பயந்தேன். 'இந்தக் கத்தல் பாட்டுக்கா இந்தப் பெண் அழுகிறாள்' என்று நேயர்கள் நினைத்துவிடக்கூடாது என்று பயந்தேன். அதனால், எல்லாருக்கும் பிடித்த, எல்லாரும் தலையாட்டுகிற ஒன்றை எடுத்து வீசினேன். சக அறிவிப்பாளரும் "சரியாச் சொன்னீங்க" என்றார். போட்டிக்கு அழைப்புகள் குவிந்தன.

எட்டு மணிக்கு மேல் அண்ணனிடமிருந்து வாட்சப்பில் ஒரே ஒரு சொல் வந்தது. "கேட்டேன்."

செஸ்டர் செய்தியைக் கேள்விப்பட்டேன் என்கிறார் என்று நினைத்து, அழுகிற முகங்கள் மூன்று போட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்த ஆண்டு தீபாவளிக்குப் பார்த்தபோது "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேண்ணே" என்றேன். அடுத்த ஆண்டும் அவ்வளவுதான். சண்டை என்று ஒன்றும் இல்லை. பேச்சு மட்டும் நின்றுவிட்டது.

2019 தீபாவளிக்கு முன்பு பெரியம்மா வீட்டில் முறுக்கு சுடும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. ஏதோ பேச்சுவாக்கில், "உங்கண்ணன அன்னைக்கு ஆசுபத்திரியிலேருந்து முழுசா வீட்டுக்குக் கொண்டாந்ததே அந்த மாரியாத்தா புண்ணியம்" என்றார் பெரியம்மா. வயிற்றுக்கோளாறுக்கா என்று கேட்டேன். பெரியம்மா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "வயித்துக்கு ஒன்னுமில்லம்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

குடும்பம் அதை மறைத்ததற்கு மானம் மட்டும் காரணமில்லை. அப்போது நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவுப்படி தற்கொலைக்கு முயன்றவர் குற்றவாளி. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பிழைத்து வந்த மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விடுமோ என்று பெரியப்பா பயந்திருக்கிறார். அந்தப் பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது 2023இல்தான். சட்டம் மாறிய செய்தியை நான்தான் வானொலியில் வாசித்தேன். இந்த முறை கூடுதலாக ஒரு வாசகமும் வைக்கவில்லை.

அப்படியானால் 2019லேயே அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே? கேட்டிருக்கலாம். எத்தனையோ முறை தட்டச்சு செய்து அழித்தேன். 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது அண்ணன் சிங்கப்பூர்ப் பக்கமே மாட்டிக்கொண்டார். அண்ணியும் பிள்ளையும் ஜொகூரில். அப்போதாவது அழைத்தேன். "பத்திரமா இருங்கண்ணே" என்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. கோழை என்ற சொல்லை நான் யாருக்குச் சூட்டினேன், அது உண்மையில் யாருக்குப் பொருந்தும் என்று அப்போது புரிந்தது.

இந்த ஆண்டுகளில் லிங்கின் பார்க்கும் பேசாமல்தான் இருந்தது. 2017 அக்டோபரில் ஹாலிவுட் போல் திறந்தவெளி அரங்கில் செஸ்டருக்காக ஓர் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்கள். 'நம்ப்' பாட்டு வந்தபோது யாரும் பாட முன்வரவில்லை. மேடை நடுவில் பூச்சுற்றிய ஒலிவாங்கி மட்டும் நின்றது, அதன்மேல் வெளிச்சம். குழு வாசித்தது, கூட்டம் பாடியது. அந்தக் காணொளியை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. அடுத்த ஆண்டு மைக் தனியாக ஒரு தொகுப்பு வெளியிட்டார். பிறகு 'மெட்டியோரா'வின் 20ஆம் ஆண்டையொட்டி, 2023 பிப்ரவரியில், அந்தக் காலத்தில் பதிவுசெய்து வெளியிடாமல் வைத்திருந்த 'லாஸ்ட்' என்ற பாட்டை எடுத்து வெளியிட்டார்கள். செஸ்டரின் இளம் குரல். காரை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டேன். அண்ணனும் எங்கோ கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும். இணைப்பை அனுப்பினேன். நீல நிற அடையாளம் மட்டும் விழுந்தது.

இப்போது மறுபடியும் அந்த ஒலிபரப்பு அறைக்கு வருவோம்.

ஆறு மணி. வணக்கம் சொன்னேன். வெள்ளிக்கிழமை என்றேன், மழை வரலாம் என்றேன், கூட்டரசு நெடுஞ்சாலையில் இன்னும் நெரிசல் இல்லை என்றேன். முதல் பாட்டைப் போட்டேன். நாலரை நிமிடம். ஒரு காதிலிருந்து தலையணி ஒலிபெருக்கியை நகர்த்திவிட்டு, அந்தக் காதில் என் கைப்பேசியின் காதணியைச் செருகினேன். ஒரு காதில் இளையராஜா, மறு காதில் லாஸ் ஏஞ்சலிஸ்.

ஒரு சிறு ரசிகர் கூட்டத்தின் முன்னால் மேடை. மைக் பாட ஆரம்பித்தார். புதுப் பாட்டு. குரல் மாறவே இல்லை. எனக்கு மூச்சு அடைத்தது. அடுத்த பகுதி வந்தபோது வேறொரு குரல் சேர்ந்தது. ஒரு பெண்ணின் குரல். மெல்லத் தொடங்கி, உயர்ந்து, கிழிந்தது. எமிலி ஆம்ஸ்ட்ராங் என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. டெட் சாரா என்ற ராக் குழுவின் பாடகி. குழுவின் பழைய தாளக்காரர் ராப் போர்டன் திரும்பி வரவில்லை, அவர் இடத்தில் காலின் பிரிட்டன். நவம்பரில் 'ஃப்ரம் ஸீரோ' என்று புதுத் தொகுப்பு. செஸ்டர் வந்து சேர்வதற்கு முன்பு இந்தக் குழுவுக்கு இருந்த பெயர் ஸீரோ. அங்கிருந்தே மறுபடியும் தொடங்குகிறோம் என்கிறார்கள்.

முதலில் வந்தது சந்தோஷம். நாற்காலியில் உட்கார முடியவில்லை. சக அறிவிப்பாளர் "என்னாச்சு?" என்று சைகையில் கேட்டார். நான் தலையாட்டினேன். அடுத்த நொடியே சந்தோஷத்தின் மேல் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. செஸ்டர் நிற்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். நான் கையைத் தட்டலாமா? இறந்தவரின் நாற்காலியில் வேறொருவரை உட்காரவைத்து விருந்து சாப்பிடுவதுபோல இருக்கிறதே? உலகம் முழுவதும் ரசிகர்கள் அன்றே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பேரை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்றார்கள் சிலர். அவர் இல்லாமல் இது லிங்கின் பார்க்கே இல்லை என்றார்கள் வேறு சிலர். அந்தக் கோபம் எனக்கும் புரிந்தது.

பாட்டு முடிய 20 விநாடி இருக்கும்போது கைப்பேசி திரையின் மேல் ஒரு வரி வந்தது. அண்ணன்.

"ஒரு பொம்பள கத்துறாங்க. உன்ன மாதிரியே இருக்கு."

என்னால் பேச முடியவில்லை. இரண்டாவது பாட்டை அப்படியே இழுத்து ஒட்டினேன். பேச்சே இல்லாமல் இரண்டு பாட்டு. மேலாளர் பிறகு கேட்டார், கணினிக் கோளாறு என்றேன். அந்தப் பொய்க்கு இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. கார் நிறுத்துமிடத்திற்குப் போய் அழைத்தேன். அண்ணன் இரவு வேலை முடித்து வீட்டில் இருந்தார். முதல் ஐந்து நிமிடம் நாங்கள் 13 வயதும் 17 வயதுமாக இருந்தோம். கிதார் எப்படி, தாளம் எப்படி, அந்தப் பெண்ணின் தொண்டை எப்படித் தாங்குகிறது, மைக்குக்கு வயசாகிவிட்டதா. பேச்சு தீர்ந்து ஓர் இடைவெளி விழுந்தது. வானொலியில் மௌனம் மூன்று விநாடிக்கு மேல் போனால் எங்களுக்குக் கை நடுங்கும். அன்று அதை நான் நிரப்பவில்லை. பிறகு சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு ரேடியோவுல நான் சொன்னது..."

"தெரியும்."

"அது தப்புண்ணே. நீங்க ஆசுபத்திரியில இருந்தது எதுக்குனு அப்ப எனக்குத் தெரியாது. ஆனா தெரியலனாலும் அது தப்புதான்."

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ வேணும்னு சொல்லலனு எனக்குத் தெரியும்மா. நீ அழுதிருப்பேனும் தெரியும், குரல்ல தெரிஞ்சுது. ஆனா அன்னைக்கு நைட் ஷிப்ட் முடிச்சு வேன்ல வந்துக்கிட்டு இருந்தோம். ஆறு பேரு. டிரைவர் உன் ரேடியோவத்தான் போட்டிருந்தாரு. நீ அத சொன்னதும் எல்லாரும் 'கரெக்ட், கரெக்ட்'னு தலையாட்டுனாங்க. நான் மட்டும் சன்னலப் பாத்துக்கிட்டு உட்காந்திருந்தேன். அந்த ஆறு பேருல யார்கிட்டயாவது என்னைக்காவது சொல்லலாம்னு நினைச்சிருந்தேன். அப்புறம் சொல்லல."

மன்னிப்பு என்ற சொல்லை நாங்கள் இருவருமே பயன்படுத்தவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அது வாயில் வராது. "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "போய்ச் சாப்பிடு" என்றார்.

புதுப் பாடகியைப் பற்றி அன்று அவர் சொன்னது ஒன்று எனக்கு உதவியது. "செஸ்டர் மாதிரிப் பாட ஒரு ஆம்பளைய கண்டுபிடிச்சிருந்தா நான் டிவிய அடைச்சிருப்பேன். அவர மாதிரி யாரும் இல்லனு அவங்களுக்கே தெரியுது. அதான் மாதிரிய தேடல." இதற்குமேல் அந்த விவாதத்தில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. விரும்பாதவர்கள் விரும்பாமலேயே இருக்கட்டும். அவர்கள் செஸ்டரை என்னைவிடக் குறைவாக நேசித்தவர்கள் அல்லர்.

அடுத்த வெள்ளிக்கிழமை மேலாளரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கினேன். 2017இல் இதே நிகழ்ச்சியில் ஒருவருடைய மரணத்தைப் பற்றி நான் ஒரு சொல் சொன்னேன், அது தவறு என்று நேயர்களிடம் சொன்னேன். செஸ்டர் சிறுவயதில் தமக்கு நேர்ந்த கொடுமையையும், மன அழுத்தத்தையும், போதைப் பழக்கத்தையும் பேட்டிகளில் மறைக்காமல் பேசியவர். பேசத் துணிந்த ஒருவரைத்தான் நான் கோழை என்றேன். மனச்சோர்வு ஒரு நோய், சர்க்கரை நோய்க்காரரைப் பார்த்து "உனக்குத் தெம்பில்லை" என்று நாம் சொல்வதில்லை என்றேன். பிஃரெண்டர்ஸ் அமைப்பின் 24 மணி நேர எண்ணைச் சொன்னேன்: 03-7627 2929. பேசத் தோன்றினால் பேசுங்கள், யாராவது உங்களிடம் பேச வந்தால் புத்திமதி சொல்லாமல் கேளுங்கள் என்றேன். அன்றைக்குப் பரிசுப் போட்டிக்கு உடனே போகவில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு அமைதியாக இருந்தேன்.

நிறைய பேர் ஒன்றும் சொல்லவில்லை. சிலர் "காலையிலேயே இதெல்லாம் எதுக்கு?" என்று எழுதினார்கள். குரல் பதிவில் ஒரு பெரியவர் மட்டும், "என் மகன் இத கேட்டிருக்கணும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதிவை இன்னும் நான் அழிக்கவில்லை.

அந்த ஆண்டு இறுதியில் ஆசியச் சுற்றுப்பயண விவரம் வந்தது. கோலாலம்பூர் இல்லை, சிங்கப்பூர் இல்லை. ஜகார்த்தா, 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்கு அனுப்பினேன். வழக்கமான "அடுத்த தடவ" வரும் என்று எதிர்பார்த்தேன். "ரெண்டு போடு. என் பங்க நான்தான் கட்டுவேன். சம்பாதிக்கிற காசுல" என்று பதில் வந்தது. 21 ஆண்டுக்கு முந்தைய பேச்சு அவருக்கு வார்த்தை மாறாமல் நினைவிருந்தது.

கோலாலம்பூரிலிருந்து இரண்டு மணி நேர விமானம். ஜகார்த்தா நமக்கு ஒரு மணி நேரம் பின்னால். "ஒரு மணி நேரம் இலவசமா கிடைச்சிருக்கு" என்றார் அண்ணன். அவருக்கு 38 வயது, முடி கொட்டிவிட்டது, முழங்கால் வலிக்கிறது. நான் காதடைப்பான் வாங்கி வைத்திருந்தேன், தொண்டைக்கு மிளகுக் கஷாயம் குடித்துவிட்டுப் போனேன். சுற்றிலும் எங்களைவிடப் பதினைந்து வயது குறைந்த பிள்ளைகள். இவர்களுக்கெல்லாம் எந்த அண்ணன் குறுவட்டு கொண்டுவந்து கொடுத்தானோ!

'நம்ப்' ஆரம்பித்ததும் கூட்டம் முழுவதும் பாடியது. மேடையில் இருந்தவர்கள் பாடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பாட்டு முடிந்திருக்கும். செஸ்டருடைய பகுதி வந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, கையால் 'போ' என்று காட்டினார். கத்தினேன். பின்கட்டுத் துணிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய அதே கத்தல். பாதியில் பக்கத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. கூச்ச சுபாவம் உள்ள, கத்தவே வராத என் அண்ணன், கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். சுருதி சேரவே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து "வணக்கம் நேயர்களே" என்றேன். குரலே வரவில்லை. தவளை கத்துவதுபோல ஒன்று வந்தது. சக அறிவிப்பாளர் சிரித்துவிட்டு, அன்று முழுவதும் அவரே பேசினார்.

எட்டு மணிக்கு மேல் அண்ணனிடமிருந்து வாட்சப் வந்தது. வேனில் திரும்பிக்கொண்டிருக்கிறார்.

"கேட்டேன். தொண்டைக்குச் சுடுதண்ணி குடி."